குரங்கு தின்னி, எலி தின்னி, ஒரு நாற்காலி

மார்ச் 4, திங்கள்

பதினான்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து லுசாகாவில் நடத்தும் எங்கள் ஆய்வகத்தின் விளம்பரம் ஒருவழியாக வந்துவிட்டது. 'இயக்குநர், ஆய்வுப் பிரிவு.' ஆறு ஆண்டுகளாக நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஆள் தேவையாம். தகுதிகளைப் படித்தேன். ஐம்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், முனைவர் பட்டம் வேண்டும், முடிவெடுக்கும் திறன் வேண்டும். முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவதைப் பற்றி நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

நாற்காலி என்று பெருமையாக எழுதிவிட்டேன். அதற்கு இடது பக்கச் சக்கரம் ஒன்று கிடையாது. புதியது கேட்டு விண்ணப்பித்தால், 'இயக்குநர் கையொப்பமிட வேண்டும், பொறுப்பு இயக்குநரின் கையொப்பம் செல்லாது' என்று திரும்பி வருகிறது. ஆறு ஆண்டுகளாக வலது பக்கம் சாய்ந்தே உயர்கல்விக் கொள்கை வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் சொந்த ஊர் சிப்பாட்டாவிலிருந்து அண்ணன் ஜகேயோ போன் செய்தான். மூன்று பேருந்துக்குச் சொந்தக்காரன், எட்டாம் வகுப்பு.

"என்னடா யோபே, இன்னும் அடுத்தவன் நாற்காலியத்தான் காவல் காக்குறியா?"

"விளம்பரம் வந்திருக்குண்ணே. இந்தத் தடவை எனக்குத்தான்."

"ஆறு வருஷமா ஒருத்தன் ஸ்டியரிங் பிடிச்சா எங்க ஊர்ல அவன்தான்டா டிரைவர். உங்க ஊர்ல இன்னும் கிளீனரா?"

லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லி நானே கட் செய்தேன்.

மார்ச் 6, புதன்

சிஷிம்பாவும் மனுப் போட்டிருக்கிறான். எதிர்பார்த்ததுதான். துணை ஆய்வாளன், என் வயது, பல்கலைக்கழக விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். அதைவிட முக்கியம், அவன் பெம்பா இனம், நான் ங்கோனி இனம். கேலிமுறைக்காரர்கள். எங்கள் முப்பாட்டன்மார் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்தி அலுத்துப்போய், இனி வாயால் மட்டும் குத்துவது என்று சமாதானம் செய்துகொண்டார்கள். அவன் என்னை எலி தின்னி என்பான், நான் அவனைக் குரங்கு தின்னி என்பேன். யாருக்கும் கோபம் வரக் கூடாது. வந்தால் முறை கெட்டது.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான்.

"மச்சான், நானும் போட்டுட்டேன். உனக்குக் கெடைச்சா அறைக்குள்ள ஒரு தானியம் மிஞ்சாது. ஆய்வகத்தோட நன்மைக்காகத்தான்."

"உனக்குக் கெடைச்சா ஜன்னலுக்கு வெளிய இருக்குற மாமரத்துல ஒரு குரங்கு மிஞ்சாது."

"அது சரி. சக்கரம் இல்லாத நாற்காலிக்கு ரெண்டு கிழவன் அடிச்சுக்கிறோமே, வெட்கமா இல்ல?"

இருவருக்கும் இல்லை.

வீட்டில் எஸ்நாட்டிடம் சொன்னேன். அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலி, எதற்கும் பதறாதவள். "அவனும் போட்டானா? நல்லது. உங்களுக்குக் கெடைக்கலைன்னா அவனுக்காவது கெடைக்கட்டும். கடன் கேக்க ஆள் இருக்கும்" என்றாள். என் மனைவிக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மார்ச் 11, திங்கள்

கருத்தரங்கு வேலை. பதினான்கு நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தலைப்பு, வழக்கம்போல, 'பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளுதல்'. ஒரு நாட்டில் வாங்கிய பட்டத்தை அடுத்த நாடு மதிக்க வேண்டும் என்பதற்கான ஒப்பந்த வரைவை நான் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது இருப்பது எத்தனையாவது வரைவு என்று எனக்கே தெரியாது. இன்னும் கொஞ்சம் செதுக்க வேண்டும், செதுக்கியதும் அமைச்சர்களுக்கு அனுப்ப வேண்டும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த மலாவிக்காரப் பெண்ணின் பட்டத்தை எங்கள் நிர்வாகப் பிரிவே ஏற்கவில்லை. என் வரைவின் மூன்றாம் பகுதியைக் காட்டிச் சண்டை போட்டேன். 'இது வரைவுதானே சார்' என்றார்கள்.

மார்ச் 14, வியாழன்

இன்று நான்தான் அமர்வுத் தலைவர். சிஷிம்பா கட்டுரை வாசிக்க வந்தான். ஒரு பெம்பா மேடையேறும்போது ஒரு ங்கோனி சும்மா இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? ஒலிபெருக்கியைப் பிடித்தேன்.

"அடுத்துப் பேசுபவர் டாக்டர் சிஷிம்பா கபாசா. வடக்கிலிருந்து வருகிறார். அங்கே இப்போது குரங்கே கிடையாது. ஏன் என்று கேட்காதீர்கள், அவரும் அவர் குடும்பமும் நன்றாக இருக்கிறார்கள்."

உள்ளூர்ச் சாம்பியாக்காரர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சிஷிம்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "தலைவர் அவர்களுக்கு நன்றி. பகலிலும் அவர் விழித்திருப்பது மகிழ்ச்சி. அவர்கள் பக்கம் ராத்திரிதான் வேட்டை. வளைக்கு வளை கை விட்டுப் பார்த்தே அவர் இந்த அளவுக்கு ஆராய்ச்சியாளர் ஆனார்."

மறுபடி சிரிப்பு. ஆனால் பாதி அரங்கம் சிரிக்கவில்லை. சேஷெல்ஸ்காரர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் மதாம் லபோன்டே, மொரீஷியஸிலிருந்து ஜனவரியில் வந்தவர், பணியாளர் கண்ணியப் பிரிவின் தலைவி, ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சிஷிம்பாவின் கட்டுரையைக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். நல்ல கட்டுரை. பொறாமையாகத்தான் இருந்தது.

மார்ச் 15, வெள்ளி

அவர் குறித்தது கட்டுரையை அல்ல.

மதாம் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தால் விஷயம் பெரியது. "டாக்டர் ஷாவா, ஒரு சக ஊழியரை, அவரோட இனத்தைச் சொல்லி, பதினாலு நாட்டுப் பிரதிநிதிங்க முன்னால, மிருகங்களோட..."

"மதாம், அவன் என் மச்சான்."

"உறவினரா? அதை மனுவில் ரெண்டு பேருமே தெரிவிக்கலையே."

"உறவு இல்ல, மதாம். முறை. எந்த பெம்பாவும் எந்த ங்கோனிக்கும்—"

"எந்த பெம்பாவையும் இப்படிப் பேசுவீங்களா?"

"ஆமா" என்றேன் பெருமையாக. அதையும் எழுதிக்கொண்டார்.

மார்ச் 18, திங்கள்

முறைப்படி விசாரணை. விதி இப்படி: விசாரணையில் உள்ளவர் எந்தப் பதவிக்கான நேர்காணலிலும் உட்கார முடியாது. நேர்காணல் ஏப்ரல் 11. அதற்குள் புகார் தள்ளுபடியானால் நான் உள்ளே, ஆகாவிட்டால் வெளியே. 'எனக்கு மனம் புண்படவில்லை' என்று சிஷிம்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். புகார் முடிந்தது.

புண்படுத்தியவன் என்று என்னை மட்டும் போட்டிருக்கிறார்கள். தலைவர் இருக்கையில் இருந்தவன் நான், அதிகாரம் என்னிடம் இருந்ததாம். ஆறு ஆண்டுகளில் என்னிடம் அதிகாரம் இருந்ததாக யாரோ ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் முறை.

எஸ்நாட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிஷிம்பாவ நம்பித்தான் உங்க பதவியா? அவனும் அதே பதவிக்குத்தானே நிக்கிறான்?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 21, வியாழன்

விளக்கம் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். வேறொருவனாக இருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பான். நான் கேலிமுறையின் வரலாறு, பரவல், சமூகப் பயன் என்று பதினொரு பக்கம் எழுதினேன். இரண்டு பின்னிணைப்புகள், ஒரு வரைபடம். முதல் பக்கத்தில் சுருக்கம்.

எஸ்நாட் படித்துவிட்டு, "இதுல நீங்க தப்புப் பண்ணலைன்னு எங்க இருக்கு?" என்று கேட்டாள். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. மறைமுகமாக.

மார்ச் 27, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். எனக்கே நாளைக்கு நம்பிக்கை வராது.

விசாரணை அறை. மதாம், சுருக்கெழுத்துக்காரி, நான், சிஷிம்பா. அவன் கழுத்துப்பட்டை எல்லாம் கட்டி, இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்திருந்தான்.

"டாக்டர் கபாசா, இவர் பேச்சு உங்களைப் புண்படுத்தியதா?"

"ரொம்ப, மதாம்." பெருமூச்சு விட்டான். "முப்பது வருஷமா. விடுதியில இவன் பக்கத்துக் கட்டில். ராத்திரி எலி சத்தம் கேட்டா நான் பயத்துல எழுந்திருப்பேன். இவன் பசியில எழுந்திருப்பான்."

சுருக்கெழுத்துக்காரி, எங்கள் ஊர்ப் பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். மதாம் சிரிக்கவில்லை. அவர் கண்ணில் ஈரம்.

"உங்களுக்கு என்ன பரிகாரம் வேணும்?"

"ஒரு ஆடு. கறுப்பு ஆடு. கொம்போட."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "கொம்பு எதுக்குடா, வாலோட கேளு, பழகின தீனியா இருக்கும்" என்றேன்.

மதாம் பேனாவை மூடினார். 'விசாரணை அறையிலேயே குற்றம் மீண்டும் நிகழ்ந்தது.'

மார்ச் 28, வியாழன்

சிஷிம்பா காலையிலேயே வந்தான்.

"டேய், அந்தம்மா நெஜமாவே எழுதிட்டாங்களாம்டா. ஆட்டையும் சேர்த்து."

"நீ ஏன்டா அப்படிச் சொன்னே?"

"நீ எதிர்ல உக்காந்திருக்கே. உன்னப் பத்திக் கேக்குறாங்க. நான் எப்படிடா ஒழுங்காப் பேசுவேன்? அவங்க சிரிப்பாங்கன்னு நெனச்சேன்."

மதாமிடம் போய் எல்லாம் விளையாட்டு என்று சொல்லியிருக்கிறான். 'பயப்படாதீங்க, டாக்டர் கபாசா, உங்களை யாரும் மிரட்ட முடியாது, நாங்க இருக்கோம்' என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டாராம்.

எனக்கு ஒரு அசிங்கமான எண்ணம் வந்தது. விளையாட்டுதானா? அதே நாற்காலி அவனுக்கும் வேண்டும் அல்லவா? முப்பது ஆண்டில் முதல் முறையாக அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். என்னைக் கேலி செய்யாமல் போனான். அது இன்னும் மோசம்.

ஏப்ரல் 3, புதன்

நேர்காணல் பட்டியல் வந்தது. சிஷிம்பா இருக்கிறான். வெளிநாட்டு ஆட்கள் மூன்று பேர். நான் இல்லை.

ஏப்ரல் 4, வியாழன்

சக்கரம் இல்லாத பக்கம் சாய்ந்து விழுந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்த சுருக்கெழுத்துக்காரியும் பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

ஏப்ரல் 8, திங்கள்

ஜகேயோ போய்விட்டான். காலையில் பேருந்து நிலையத்தில், டிக்கெட் தரகனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவன், அப்படியே உட்கார்ந்தானாம். அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை போன் செய்திருந்தான். நேர்காணல் பற்றிக் கேட்பானே என்று எடுக்கவில்லை. ஏன்டா எடுக்கவில்லை? அண்ணன்தானே? கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறான். என்ன பெரிய பதவி.

புறப்படுகிறோம். வியாழக்கிழமை அடக்கம்.

ஏப்ரல் 13, சனி

லுசாகா திரும்பியாயிற்று. எழுதாமல் தூக்கம் வராது.

வியாழன் காலை. அண்ணன் வீட்டு முற்றம் முழுக்க ஆட்கள், பெண்கள் ஒப்பாரி. சமையல் பக்கம் ஒரே புகை. யாரோ ஒருவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கழுத்துப்பட்டையை முதுகுப் பக்கம் தூக்கிப் போட்டு, துடுப்பு மாதிரிக் கட்டையால் பெரிய பானையில் நிஷிமாக் களி கிண்டிக்கொண்டிருந்தான். வேர்வை கொட்டுகிறது. சிஷிம்பா.

அன்று காலை பத்து மணிக்கு அவனுக்கு நேர்காணல்.

"இங்க என்னடா பண்றே?"

"தெரியலையா? களி கிண்டுறேன். உங்க ஆளுங்க கிண்டினா உள்ள எலி விழுந்தாலும் எடுக்க மாட்டாங்க."

ஒரு விறகை எடுத்து அவன் அடுப்பில் தள்ளினேன்.

பெட்டியைத் தூக்கும் நேரம் வந்ததும் அவனைக் காணோம். பார்த்தால் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அண்ணனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, கால் மேல் கால் போட்டு. நாற்காலி வாசலுக்கு நேர் நடுவில். பெட்டி வெளியே போக முடியாது.

"ஜகேயோ! எழுந்திரு! பஸ் கெளம்பப் போவுது, மொதலாளி படுத்துக் கெடந்தா வண்டி எப்படி நகரும்? வாழ்நாள் முழுக்க ஒரு ஆளுக்கும் ஓசி டிக்கெட் தராத கஞ்சன், இன்னிக்கு நீ மட்டும் ஓசியில போறியா? டிக்கெட் எடு!"

ஒப்பாரி நின்றது. அண்ணியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். நான்கு நாளாகத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காதவள், தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது.

"எந்திரிடா குரங்கு தின்னி!" என்று பெரியப்பா மகன் கத்தினான்.

"மாட்டேன். இவன் தம்பி ஆறு வருஷமா அடுத்தவன் நாற்காலிய காவல் காத்தான், எவனாவது கேட்டீங்களா? நான் ஒரு நாள் காத்தா மட்டும் கேக்குறீங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் செத்த பிறகு முதல் முறை. டிக்கெட் காசு என்று எல்லோரும் சில்லறையை அவன் மடியில் போட்டதும் எழுந்து வழி விட்டான். பெட்டியின் தலைப் பக்கத்தை அவனே தோளில் ஏற்றிக்கொண்டான்.

மதாம் லபோன்டே ஆய்வகத்தின் சார்பில் மலர் வளையத்தோடு வந்திருந்தார். பேருந்தில் ஒன்பது மணி நேரம், கால் வீங்கியிருந்தது. சிஷிம்பா ஆரம்பித்தபோது அவர் எழுந்து அவனைத் தடுக்கப் போனாராம். எஸ்நாட் கையைப் பிடித்து உட்காரவைத்து, "எழவு வீட்டுல குழி வெட்டுறதும் சிரிக்க வைக்கிறதும் கேலிமுறைக்காரன் வேலை, அவன் வேலைய அவன் பாக்குறான். அவன் மொகத்தப் பாக்காதீங்க, செத்தவர் சம்சாரம் மொகத்தப் பாருங்க" என்றாளாம்.

அடக்கம் முடிந்து கை கழுவும்போது மதாம் அவனிடம் கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன்.

"டாக்டர் கபாசா, இன்னிக்கு உங்களுக்கு நேர்காணல் இருந்ததே?"

"மதாம், இந்த எலி தின்னிங்களுக்கு ஒழுங்காக் குழி வெட்டத் தெரியாது. வளைதான் தோண்டுவாங்க. நாங்க வந்தாகணும்."

அதன் பிறகு அவன் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனான். விறகு எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. புகை என்றான். அடுப்பு இந்தப் பக்கம் இருந்தது.

அன்றைக்கு அவன் முகத்தை உற்றுப் பார்த்தேனே, அந்தக் கண்ணைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

மதாம் கூப்பிட்டார். இந்த முறை தேநீர்.

"நீங்க எனக்கு முன்னாடியே விளக்கியிருக்கலாம்."

"விளக்கினேன், மதாம். பதினொரு பக்கம்."

"சுருக்கத்தைப் படிச்சேன். 'இது குறித்து மேலும் ஆய்வு தேவை'ன்னு முடிச்சிருந்தீங்க. சரி, இவருக்கே உறுதியாத் தெரியலைன்னு விட்டுட்டேன்."

பன்னிரண்டு ஆண்டுகளாக எல்லாச் சுருக்கத்தையும் அப்படித்தான் முடிக்கிறேன். கை தானாகப் போகிறது.

புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டார். ஆட்டையும் சேர்த்து. ஆனால் நேர்காணல் முடிந்துவிட்டது. வெளிநாட்டு ஆள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தும் ஆயிற்று. சிஷிம்பாவும் வெளியே, நானும் வெளியே. பரவாயில்லை என்று எழுதப் பார்க்கிறேன். இந்தப் பேனாவில் அந்த வார்த்தை வரவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

இதை எழுதும்போது எழுத்து கோணுகிறது. சிரிப்பில்.

தேர்வான அந்த மனிதரால் வேலையில் சேர முடியவில்லை! அவருடைய முனைவர் பட்டம் இந்த நாட்டில் செல்லுமா என்று சரிபார்க்க ஒன்பது மாதம் ஆகுமாம். பதினான்கு நாட்டுப் பட்டங்களையும் பரஸ்பரம் ஏற்கவைக்க உருவான ஆய்வகத்துக்கே வரவேண்டிய இயக்குநர், பட்டம் ஏற்கப்படாததால் எல்லையிலேயே நிற்கிறார்.

என் வரைவை நான் அஞ்சு வருஷம் முன்னால் அனுப்பியிருந்தால் அவர் இந்நேரம் என் மேலதிகாரி. என் சோம்பல் என்னைக் காப்பாற்றிவிட்டது. இதைவிடக் கேவலமான அதிர்ஷ்டம் ஒருவனுக்கு வராது.

அவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். மறு நேர்காணல், உள்ளூர் ஆட்களுக்கு மட்டும். மே 14. நானும் சிஷிம்பாவும்.

மே 14, செவ்வாய்

நேர்காணல். எனக்கு முன்னால் அவன் போனான், பத்து நிமிடத்தில் வந்துவிட்டான். "சுலபம் மச்சான். அறைக்குள்ள பொறி எதுவும் வைக்கல, தைரியமாப் போ."

உள்ளே ஒரே ஒரு கேள்விதான் நினைவிருக்கிறது. "இயக்குநரானால் முதல் நாள் என்ன செய்வீர்கள்?"

நான் சொன்னது: "நிலைமையை மதிப்பிட ஒரு குழு அமைப்பேன்."

வாயை விட்டு வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது. அது பறந்துபோய் எதிர்ச் சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

வெளியே வந்து சிஷிம்பாவிடம் நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "உன் வரைவ எடுத்து அன்னிக்கே அமைச்சர்களுக்கு அனுப்புவேன்னு சொன்னேன். நல்ல வரைவுடா அது. எலி கடிக்காம இருக்கும்போதே அனுப்பணும்."

மே 17, வெள்ளி

சிஷிம்பாவுக்கு.

மே 18, சனி

எஸ்நாட் கப்பெண்ட்டாக் கருவாடு வறுத்து, தக்காளி அதிகமாகப் போட்டு, எனக்குப் பிடித்த மாதிரி செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "ஞாயமாச் சொல்லுங்க, அந்த இடத்துல நீங்க இருந்தா யாருக்குக் கொடுத்திருப்பீங்க?" என்றாள்.

"ஒரு குழு அமைச்சிருப்பேன்."

அவள் சிரித்தாள். நானும். பிறகு பாத்திரத்தை நானே கழுவினேன், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க ஏதாவது வேண்டியிருந்தது.

மே 20, திங்கள்

என் பொருட்களை அடுத்திருக்கும் என் பழைய அறைக்கு எடுத்துப்போனேன். இயக்குநர் அறைக்குப் புது நாற்காலி வந்தது. ஐந்து சக்கரமும் இருக்கின்றன. பழையது என்னோடு.

மே 24, வெள்ளி

சிஷிம்பா என்னை 'டாக்டர் ஷாவா' என்கிறான். 'தயவுசெய்து' என்கிறான். தாழ்வாரத்தில் எதிரே வந்தபோது, 'என்ன ஐயா, இன்னிக்கு மரம் ஏறலையா?' என்றேன். புன்னகை செய்துவிட்டுப் போனான். பல் தெரியாத புன்னகை. சந்தேகமில்லை, அவனுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

நாற்காலி போனது வலித்தது. இது வேறு மாதிரி வலி. முப்பது ஆண்டாக ஒருவன் தினமும் காலை என்னை எலி தின்னி என்று கூப்பிட்டான். இப்போது கூப்பிட ஆளில்லை. நான் யார், வெறும் டாக்டர் ஷாவா.

மே 30, வியாழன்

எஸ்நாட்: "அவனுக்கு வெட்கம், அவ்வளவுதான். உங்க எடத்துல உக்காந்திருக்கோம்னு. வேலையும் போயிடுமோன்னு பயம் வேற. நீங்கதான் மொதல்ல கடிக்கணும். எல்லார் முன்னாலயும்."

"அவன் இப்ப என் மேலதிகாரி. இன்னொரு புகார் வந்தா வேலையே போயிடும்."

"போனா போகட்டும். நீங்க யோசிக்காம ஒரு காரியம் பண்ணி நான் பாத்ததே இல்ல."

யோசித்துப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

யோசிக்கவில்லை.

பிரிவுக் கூட்டம். நீள மேசை, மதாம், மூன்று நாட்டு விருந்தினர்கள். சிஷிம்பா தலைமை. 'அமைச்சர்களுக்கு அனுப்ப வேண்டிய வரைவு, டாக்டர் ஷாவா, தயாரா?' என்று கேட்டான், கோப்பைப் பார்த்தபடியே.

எழுந்தேன். "நேற்றே அனுப்பிவிட்டேன், இயக்குநர் அவர்களே." அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கடைசிச் சுருக்கத்தில் இருந்த 'மேலும் ஆய்வு தேவை' என்பதை அடித்துவிட்டு, திங்களன்று அனுப்பியாயிற்று. "ஒரே ஒரு வேண்டுகோள். இனிமேல் அமைச்சர்கள் விருந்துக்கு வரும்போது இயக்குநரை வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். பரம்பரைப் பழக்கம், விருந்தாளிகளுக்குத் தோல்தான் மிஞ்சும்."

ஒருவர் தன் பேனாவைக் கீழே வைத்தார். மதாம் என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். சிஷிம்பா தலையை நிமிர்த்தவில்லை. எதையோ குறித்தான்.

"அடுத்த பொருள்" என்றான்.

உட்கார்ந்தேன். பழக்கத்தில் வலது பக்கம் சாய்ந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். ஒரே கூட்டத்தில் வேலை, மச்சான், இரண்டும்.

ஜூன் 5, புதன்

காலை என் அறைக் கதவு திறந்திருந்தது. மேசை நடுவில், கோப்புகளுக்கு மேல், ஒரு எலிப்பொறி. பெரியது, மரப்பலகை, புதுக் கம்பி. நேற்றுக் கூட்டம் முடிந்ததும் சந்தைக்குப் போய் வாங்கியிருக்கிறான்.

பக்கத்தில் நாற்காலிச் சக்கரம் ஒன்று, அதற்குரிய திருகாணியோடு.

மதாம் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார். "இதை நான் பதிவு செய்யணுமா, டாக்டர் ஷாவா?"

"வேண்டாம், மதாம்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

பொறியில் வறுத்த வேர்க்கடலை வைத்திருந்தான். எடுக்கப் போய் விரல் மாட்டிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம்.

கடலையைத் தின்றுவிட்டேன்.